கொள்ளைநோய்க் கப்பலும் ரொசாலியாவின் தேரும்

ஜூலை 14 இரவு. சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில், கஸ்ஸாரோ என்னும் பழைய நெடுந்தெரு வழியாகப் பெரிய தேர் ஒன்று கடலை நோக்கி இறங்குகிறது. தேர் என்றதும் நம்மூர் மரத்தேரை நினைக்க வேண்டாம். பெரும்பாலும் கப்பல் வடிவில் கட்டிய வண்டி. அதன் உச்சியில் ஓர் இளம்பெண்ணின் சிலை. ஊரின் இரு பெருந்தெருக்கள் குறுக்கிடும் குவாத்ரோ கான்தி சதுக்கத்துக்கு வந்ததும் தேர் நிற்கும். மேயர் மேலே ஏறிச் சிலையின் காலடியில் பூ வைப்பார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பித் தொண்டை கிழியக் கத்துவார்: "விவா பலெர்மோ எ சாந்தா ரொசாலியா!" பலெர்மோ வாழ்க, புனித ரொசாலியா வாழ்க. மேயர் வலதுசாரியா இடதுசாரியா, ஞாயிறு பூசைக்குப் போகிறவரா போகாதவரா என்பதெல்லாம் அந்த இடத்தில் எடுபடாது. கத்தியே ஆக வேண்டும்.

அந்தச் சதுக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். நான்கு மூலைக் கட்டடங்களும் உட்பக்கம் வளைந்து நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் கீழே நீரூற்று, அதற்கு மேல் பருவகாலச் சிலை, அதற்கும் மேல் ஒரு ஸ்பானிய அரசர், உச்சியில் ஒரு கன்னிப் புனிதர். அகத்தா, கிறிஸ்தினா, நின்ஃபா, ஒலிவா என்ற அந்த நால்வரும் ஊரின் பழைய காவல் தெய்வங்கள். ரொசாலியாவுக்கு அங்கே இடமில்லை. சதுக்கம் 1608 முதல் 1620 வரை கட்டப்பட்டது. அப்போது ரொசாலியாவைப் பலெர்மோ பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. நான்கே வருடத்தில் துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பல் நால்வருடைய வேலையையும் பறித்து அவள் கையில் கொடுத்துவிட்டது. பழைய நால்வரின் கண்ணெதிரேதான் மேயர் ஆண்டுதோறும் ஐந்தாமவளின் பெயரைக் கத்துகிறார்.

சுற்றுலாக் கையேடுகள் இதை 'வண்ணமயமான கோடை விழா' என்று ஒரு வரியில் முடித்துவிடும். பலெர்மோவின் ஆண்டு விழாக்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது வேறு. இந்த ஊர் கொண்டாடுவது பெரும்பாலும் பட்ட கடனைத்தான். அதிலும் கடல் வழியாக வந்த கேட்டுக்கோ நன்மைக்கோ பட்ட கடன். இத்தாலியர்கள் இதற்கு என்ன பெயர் சொன்னாலும், தமிழில் இதற்குக் கச்சிதமான சொல் இருக்கிறது: நேர்த்திக்கடன்.

1624: கப்பல் வந்த வசந்தம்

அந்த ஆண்டு மே மாதம் துனிசிலிருந்து ஒரு கப்பல் வந்தது. வடஆப்பிரிக்கக் கரையில் பிடிபட்டு, பணம் கொடுத்து மீட்கப்பட்ட கிறித்தவக் கைதிகள் அதில் இருந்தார்கள். துனிசில் கொள்ளைநோய் பரவியிருந்த செய்தி பலெர்மோவை எட்டாமல் இல்லை. ஆனாலும் கப்பலைத் துறைமுகத்தில் விட்டார்கள். சில வாரங்களில் ஊருக்குள் பிணம் விழத் தொடங்கியது. ஸ்பெயின் அரசரின் பிரதிநிதியாகச் சிசிலியை ஆண்ட சவோய் இளவரசர் எமானுவேலே ஃபிலிபெர்த்தோவே ஆகஸ்டு தொடக்கத்தில் நோய்க்குப் பலியானார். ஆட்சிப் பொறுப்பும் பேராயர் பொறுப்பும் ஜியன்னெத்தீனோ தோரியா என்ற ஒரே கர்தினாலின் தலையில் விழுந்தன.

நால்வரையும் வேண்டிப் பார்த்தார்கள். பலனில்லை. அந்தச் சமயத்தில்தான் நோயிலிருந்து பிழைத்த ஜிரோலமா லா கத்துத்தா என்ற பெண், கனவில் வெண்ணுடையில் ஒரு கன்னி வந்து, ஊருக்கு வடக்கே இருக்கும் மலைக்குகையில் தன் எலும்புகள் கிடப்பதாகச் சொன்னாள் என்றார். மலையின் பெயர் பெல்லெக்ரீனோ. சொல்லுக்கு யாத்திரிகர் என்று பொருள். தோண்டினார்கள். ஜூலை 15 அன்று பாறைக்கு அடியில் எலும்புகள் அகப்பட்டன.

ரொசாலியா என்ற பெயர் அதற்கு முன்பும் அந்தப் பக்கத்து மக்கள் நாவில் இருந்ததுதான். பன்னிரண்டாம் நூற்றாண்டில், நார்மன் மன்னர் இரண்டாம் ரோஜர் காலத்தில், சினிபால்தோ என்ற பிரபுவின் மகளாகப் பிறந்து, அரண்மனை வாழ்வையும் திருமணத்தையும் வேண்டாமென்று உதறி, முதலில் க்விஸ்க்வினா மலையிலும் பிறகு பெல்லெக்ரீனோ குகையிலும் தவமிருந்து இறந்தவள் என்பது கதை. எலும்புகள் கிடைத்த அடுத்த மாதமே க்விஸ்க்வினா குகையில் ஒரு லத்தீன் கல்வெட்டையும் கொத்தனார்கள் கண்டெடுத்தார்கள். "க்விஸ்க்வினாவுக்கும் ரோசாவுக்கும் உடையவரான சினிபால்தோவின் மகள் ரொசாலியா நான், என் ஆண்டவர் இயேசு கிறிஸ்துவின் மீதுள்ள அன்பால் இந்தக் குகையில் வாழத் தீர்மானித்தேன்" என்பது அதன் சாரம். தேவைப்பட்ட நேரத்தில் இவ்வளவு பொருத்தமாக ஒரு கல்வெட்டு கிடைத்ததைச் சந்தேகிக்கிறவர்கள் அன்றிலிருந்து இன்றுவரை உண்டு. இன்னொரு கதையும் உலவுகிறது: பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலெர்மோவுக்கு வந்த வில்லியம் பக்லண்ட் என்ற ஆங்கிலேய நிலவியலாளர் பேழைக்குள் இருந்ததைப் பார்த்துவிட்டு, "இது ஆட்டெலும்பு" என்று சொன்னாராம். பலெர்மோக்காரர்களிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம். சொன்னவர் வீட்டில் அன்று சாப்பாடு கிடைக்கும் என்று உத்தரவாதமில்லை.

கர்தினால் தோரியாவும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடவில்லை. மருத்துவர்களையும் இறையியலாளர்களையும் கூட்டி எலும்புகளை ஆராயச் சொன்னார். முடிவு இழுத்துக்கொண்டே போனது. திருப்பம் 1625 பிப்ரவரியில் வந்தது. வின்சென்ஸோ பொனெல்லி என்ற சோப்புக் காய்ச்சும் ஏழை ஒருவர், மனைவியைக் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்தவர், உயிரை விடுவதென்று பெல்லெக்ரீனோ மலைமேல் ஏறினார். உச்சியில் ரொசாலியா தோன்றி அவரைத் தடுத்தாள். எலும்புகள் தன்னுடையவைதான், அவற்றை ஊரெல்லாம் பவனி கொண்டுபோனால் நோய் விலகும், இதைப் பேராயரிடம் சொல், சொல்லி முடித்ததும் நீ இறப்பாய் என்றாள். அவர் கீழே இறங்கினார், காய்ச்சல் கண்டது, சொன்னார், இறந்தார். சாகப்போகிறவன் ஏன் பொய் சொல்லப் போகிறான் என்ற தர்க்கம் அந்தக் காலத்தில் வலுவானது. மருத்துவர்களும் இறையியலாளர்களும் மாதக்கணக்கில் சாதிக்காததை ஒரு சோப்புக்காரரின் மரண வாக்குமூலம் சாதித்தது.

ஜூன் 9 அன்று எலும்புகள் பவனி வந்தன. நோய் அடங்கியது என்பது மக்கள் நினைவு. வரலாற்றாசிரியர்கள் இதை 1624–26 கொள்ளைநோய் என்று குறிக்கிறார்கள்; அதாவது பவனிக்குப் பிறகும் நோயின் வால் கொஞ்சம் நீண்டிருந்தது. தொற்றுக் காலத்தில் இத்தனை பேரைத் தெருவில் திரட்டியதை இன்றைய சுகாதார அதிகாரி எப்படிப் பார்ப்பார் என்பது வேறு கதை. 1630ல் திருத்தந்தை எட்டாம் அர்பன் ரொசாலியாவின் பெயரைத் திருச்சபையின் அதிகாரப்பூர்வப் புனிதர் ஏட்டில் சேர்த்தார். அடுத்த ஆண்டு எலும்புகளுக்கு வெள்ளிப் பேழை தயாரானது. இன்றும் பேராலயத்தில் இருப்பது அதுதான். எலும்பு கிடைத்த நாளுக்கு ஜூலையிலும், அவள் இறந்ததாக நம்பப்படும் நாளுக்கு செப்டம்பர் 4லும் என ஆண்டுக்கு இரண்டு விழாக்கள் அமைந்தன.

அவளுக்கு முகம் கிடைத்ததும் இந்தக் கொள்ளைநோயால்தான். ஃபிளாண்டர்ஸ் ஓவியர் ஆன்தனி வான் டைக் அந்த வசந்தத்தில் அரசப் பிரதிநிதியின் உருவப்படம் வரைய பலெர்மோவுக்கு வந்திருந்தார், வயது இருபத்தைந்து. நோயில் ஊர் அடைபட்டது, படம் வரைவித்தவரும் இறந்தார். புதிதாகக் கண்டெடுத்த புனிதரை வரையச் சொல்லி ஆள் வந்தது. பொன்னிறக் கூந்தல், ரோஜா மாலை, மண்டையோடு, கீழே பலெர்மோ துறைமுகம் என அன்று அவர் வகுத்த தோற்றம்தான் பிற்காலச் சிலைகளுக்கும் படங்களுக்கும் வழிகாட்டியது. அவர் அப்போது வரைந்த படங்களில் ஒன்று இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தன் சொந்த முகத்தை வரையத் தொடங்கிய துணியின் மேலேயே அவர் ரொசாலியாவைத் தீட்டியிருக்கிறார். அடைபட்ட ஊரில் புதுத் துணிக்கு எங்கே போவது?

திருவிழாவா, தலையா

எலும்புப் பவனியாகத் தொடங்கியது எப்படிக் கப்பல் தேரானது? பலெர்மோ அன்று ஸ்பானியப் பேரரசின் ஒரு மூலையில் இருந்த நகரம். பிரபுக்கள் நிறைய, தொழில் குறைவு, பகட்டு அதிகம். ஊர்வலம் வருடத்துக்கு வருடம் வளர்ந்தது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டடக் கலைஞர் பாவ்லோ அமாத்தோ பெரும் தேர்களை வடிவமைத்தார். மேலே பாடகர்களும் இசைக்குழுவும் அமர்ந்துவர, அடுக்குமாடி உயரத்தில் அவை நகர்ந்தன. கப்பல் வடிவத்துக்கு மக்கள் ஒரு விளக்கம் சொல்வார்கள்: நோயைக் கொண்டுவந்ததும் கப்பல், அந்தக் கப்பலின் தலைமேல் ஏறி நின்று அவள் வருகிறாள். அசுரன் மேல் கால் வைத்து நிற்கும் அம்மனைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கஸ்ஸாரோ தெரு கடலைத் தொடும் இடத்தில் போர்த்தா ஃபெலிச்சே என்ற நுழைவாயில் இருக்கிறது. இரண்டு பிரம்மாண்டத் தூண் கட்டடங்கள், நடுவே வளைவு கிடையாது, வானம்தான். ரொசாலியாவின் தேர் தட்டாமல் போகத்தான் மேலே மூடாமல் விட்டார்கள் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வாயிலின் வேலை தொடங்கியது 1582ல். எலும்பு கிடைப்பதற்கு நாற்பத்திரண்டு வருடம் முன்னால். முடிந்தது 1637ல். ஆக, பாதி உண்மையாக இருக்கலாம். ஊர்க்கதைகளுக்குப் பாதி போதும்.

விழாவின் உண்மையான பலம் தெரிந்தது 1783ல். பிரெஞ்சு அறிவொளிச் சிந்தனைகளில் ஊறிய தொமேனிகோ கரச்சோலோ அப்போது அரசப் பிரதிநிதி. ஐந்து நாள் விழாவை மூன்று நாளாகச் சுருக்கிச் செலவைக் குறைக்கப் பார்த்தார். அதே ஆண்டு பிப்ரவரியில் பூகம்பம் மெசினா நகரைச் சிதைத்துப் போட்டிருந்தது. பணத்துக்கு வேறு தேவை இருந்தது என்று அவர் தரப்பில் வாதிடலாம். ஊர்ச் சுவர்களில் நான்கே சொல்லில் பதில் ஒட்டப்பட்டது: "ஓ ஃபெஸ்தா ஓ தெஸ்தா." ஒன்று திருவிழா, இல்லையேல் தலை. நேப்பிள்ஸிலிருந்த அரசர் பயந்துபோய்ப் பிரதிநிதியைக் கைவிட்டார். ஐந்து நாளும் நடந்தது. மத விசாரணை மன்றத்தையே சிசிலியிலிருந்து ஒழித்துக் காட்டிய மனிதர் கரச்சோலோ, தேரிடம் தோற்றார்.

இதைப் பட்டினி மக்களின் மூடத்தனம் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது அவசரத் தீர்ப்பாகப் படுகிறது. நேர்ந்துகொண்டது ஊர்; கடனில் பாதியைத் தள்ளுபடி செய்ய அரசாங்கத்துக்கு என்ன உரிமை என்பதுதான் அந்த நான்கு சொல்லுக்குள் இருந்த கேள்வி. இன்றும் விழாச் செலவைப் பற்றிய சண்டை வருடந்தவறாமல் வருகிறது. குப்பை அள்ளக் காசில்லை, தேருக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்களும் 14ஆம் தேதி இரவு குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு கஸ்ஸாரோவில்தான் நிற்கிறார்கள்.

இப்போதைய விழாவில் நாடக இயக்குநர்கள், ஒளி அமைப்பாளர்கள், அந்தரத்தில் ஆடும் கலைஞர்கள் எல்லோரும் உண்டு. தொண்ணூறுகளில் மாஃபியாக் கொலைகளால் நிலைகுலைந்திருந்த நகரத்தை மறுபடி தெருவுக்கு அழைத்துவர, மேயர் லெயொலூக்கா ஒர்லாந்தோ காலத்து நிர்வாகம் விழாவை ஒரு பெரிய தெருநாடகமாகவே மாற்றியது. அதிலிருந்து ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு கரு, ஒரு புதுத் தேர். கொள்ளைநோய் என்பது மாஃபியாவாகவும், ஊழலாகவும், வறுமையாகவும் மேடையில் வேடம் மாறியது. 2020ல் மட்டும் வேடம் தேவைப்படவில்லை. நிஜத் தொற்றே வந்துவிட்டது. தொற்றிலிருந்து மீண்டதைக் கொண்டாடப் பிறந்த தேரோட்டம் அந்த வருடம் தொற்றுக்கு அஞ்சித் தெருவுக்கு வரவில்லை. 2024ல் நானூறாவது விழா நடந்தது.

நள்ளிரவில் ஃபோரோ இத்தாலிகோ கடற்கரையில் வாணவேடிக்கை. அதற்கு முன்னும் பின்னும் சாப்பாடு. இந்த இரவின் தனிப் பண்டம் பப்பலூச்சி, அதாவது சுண்டுவிரல் நகம் அளவுள்ள வெள்ளை நத்தை. பிடித்ததும் சமைத்துவிட முடியாது. இரண்டு நாள் தவிடு போட்டு மூடி வைத்து வயிற்றைச் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பை மிகச் சிறிதாக எரியவிடுவார்கள். இளஞ்சூட்டுக்கு நத்தைகள் ஒவ்வொன்றாகத் தலையை வெளியே நீட்டும். நீட்டியதும் தீயைக் கூட்டிவிடுவார்கள், உள்ளே இழுத்துக்கொள்ள நேரமிருக்காது. கொஞ்சம் கொடூரம்தான். வடித்து, ஆலிவ் எண்ணெயில் பூண்டு வதக்கி, பார்ஸ்லி இலை தூவிப் புரட்டினால் தயார். தின்பதற்கு முள்கரண்டி உதவாது. ஓட்டின் பின்புறத்தில் பல்லால் ஒரு துளை போட்டு, முன்பக்கம் வாய் வைத்து உறிஞ்ச வேண்டும். தெரு முழுக்க உறிஞ்சும் சத்தம் கேட்கும். பக்கத்திலேயே அவித்த மக்காச்சோளம், வேகவைத்த ஆக்டோபஸ், வறுத்த கொண்டைக்கடலையும் பூசணி விதையும், மல்லிகைப்பூ ஊறிய தண்ணீரின் மணத்தோடு தர்ப்பூசணிச் சாற்றில் கிண்டிய குளிர்ந்த களி. ஜூலை வெக்கையில் அந்தக் களிக்கு ஈடில்லை.

மறுநாள் 15 அடக்கமானது. ஊருக்கு விடுமுறை. மாலையில் வெள்ளிப் பேழை பேராலயத்திலிருந்து பவனி புறப்படும். முந்தின இரவு மாநகராட்சியுடையது, இந்த மாலை திருச்சபையுடையது. நகரத்தைக் கடிந்துகொள்ள ஏதேனும் இருந்தால் பேராயர் அதை இந்த நாளில்தான் சொல்வார்.

மற்ற நாட்கள்

அதற்கு நான்கு நாள் கழித்து, ஜூலை 19. 1992ல் இதே நாளில் தமேலியோ தெருவில் மாஃபியா வைத்த கார் குண்டு வெடித்து, மாஃபியாவை விசாரித்துவந்த நீதிபதி பாவ்லோ பொர்செல்லீனோவும் அவருடைய ஐந்து காவலர்களும் இறந்தார்கள். அதற்கு எட்டு வாரம் முன்பு, மே 23ல், விமான நிலைய நெடுஞ்சாலையில் நீதிபதி ஜொவான்னி ஃபல்கோனே, அவர் மனைவி, மூன்று காவலர்கள். இரண்டு நாட்களையும் பலெர்மோ இன்று விழா நாட்களின் ஒழுங்கோடு நினைவுகூர்கிறது: குறித்த நேரத்தில் மௌனம், ஃபல்கோனே வீட்டு வாசல் மரத்தில் குழந்தைகள் செருகும் கடிதங்கள், பொர்செல்லீனோவின் காணாமற்போன சிவப்பு டைரியை நினைவூட்டித் தலைக்கு மேல் உயரும் சிவப்புக் குறிப்பேடுகள். மே 23க்காக இத்தாலியின் மற்ற பகுதிகளிலிருந்து பள்ளி மாணவர்கள் பல ஆண்டுகள் கப்பலில் வந்து இறங்கினார்கள். சட்டத்தின் கப்பல் என்று அதற்குப் பெயர். கப்பல் இல்லாமல் இந்த ஊருக்கு எதையும் நினைக்கத் தெரியாது போலிருக்கிறது.

டிசம்பர் 13, புனித லூசியா. 1646ன் பஞ்சத்தில் இந்த நாளில் கோதுமைக் கப்பல் ஒன்று துறைமுகத்துக்கு வந்ததாம். மாவரைக்கக் காத்திருக்க முடியாத பசி. மக்கள் கோதுமையை அப்படியே அவித்துத் தின்றார்கள். அதன் நினைவாக அன்று பலெர்மோவில் ரொட்டியும் பாஸ்தாவும் தொடமாட்டார்கள். அவித்த கோதுமையில் ரிக்கோத்தா பாலாடைக்கட்டியும் சர்க்கரையும் கலந்த குச்சியா உண்டு. ஆனால் விரதத்தின் நிஜ நாயகி அரஞ்சினா, உள்ளே பூரணம் வைத்துப் பொரித்த சோற்று உருண்டை. அதன் மேல் புரட்டுவது ரொட்டித்தூள் என்பதை யாரும் வாயெடுத்துச் சொல்வதில்லை. தீவின் கிழக்கே கத்தானியாவில் இதே பண்டம் அரஞ்சினோ, ஆண்பால். எது சரி என்பதில் இரு ஊருக்கும் சமாதானமே கிடையாது.

மார்ச் 18 இரவில் புனித யோசேப்புக்காகத் தெருமுனைகளில் பழைய மரச்சாமான்களைக் குவித்துக் கொளுத்துவார்கள். போகியை நினைவூட்டும் காட்சி. பையன்கள் ஒளித்துவைத்த கட்டைகளைத் தேடித் தீயணைப்பு வண்டிகள் அலைவது கூடுதல் காட்சி. நவம்பர் 2, இறந்தோர் நாள். இறந்துபோன தாத்தாவும் பாட்டியும் அதற்கு முந்தின இரவில் வந்து பேரப்பிள்ளைகளுக்குப் பரிசு வைத்துவிட்டுப் போவார்கள் என்பது நம்பிக்கை. சர்க்கரைப் பொம்மைகளும், பாதாம் மாவில் பழங்களைப்போலவே உருட்டிச் சாயம் தீட்டிய இனிப்புகளும் கடைகளை நிறைக்கும். சாவைப் பார்த்துக் குழந்தை பயப்படாமல் வளர இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் கேள்விப்பட்டதில்லை.

மலையேறும் செப்டம்பர்

ஜூலை விழாவைப் பார்த்தவர்கள் பலெர்மோவைப் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். ஊர்க்காரர்களில் கணிசமானோர் ரொசாலியாவின் உண்மையான நாள் செப்டம்பர் 4 என்பார்கள். தேர் இல்லை, மேயர் கத்துவதில்லை. 3ஆம் தேதி இரவு மலையடிவாரத்திலிருந்து கல் பாவிய பழைய பாதையில் ஏறத் தொடங்குவார்கள். பலெர்மோ பேச்சில் இதற்கு அக்கியனாத்தா என்று பெயர். ஏற்றம் என்று பொருள். சுமார் நான்கு கிலோமீட்டர் வளைந்து வளைந்து போகும் பாதை. திருத்தலம் நானூறு மீட்டருக்கு மேலான உயரத்தில் இருக்கிறது. வெறுங்காலில் ஏறுகிறவர்கள் உண்டு, கடைசித் தூரத்தை முழங்காலில் கடப்பவர்களும் உண்டு. பிள்ளைக்கு ஆபரேஷன் நல்லபடி முடிந்தால் ஏறுகிறேன், மகனுக்கு வேலை கிடைத்தால் ஏறுகிறேன் என்று நேர்ந்துகொண்டவர்கள். ஜூலையில் கடனடைப்பது நகரம். செப்டம்பரில் தனித்தனி ஆட்கள்.

மேலே, பதினேழாம் நூற்றாண்டு முகப்புக்குப் பின்னால் இருப்பது கட்டடமல்ல, அதே குகை. பாறை எப்போதும் கசிந்துகொண்டிருக்கும். கும்பிடுகிறவர்கள் தலையில் சொட்டாமலிருக்கக் கூரையெங்கும் வளைந்து நெளியும் தகடுகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். நீர் அவற்றில் வழிந்து ஓரமாகச் சேர்கிறது. விளக்கு வெளிச்சத்தில் அண்ணாந்தால் மின்னல் கீற்றுகள் உறைந்து நிற்பதுபோல இருக்கும். சேர்கிற நீரை நோய் தீர்க்கும் தீர்த்தமாகப் பக்தர்கள் எடுத்துப்போவார்கள். பலிபீடத்தின் அடியில், கண்ணாடிக்குப் பின்னால், சாய்ந்து படுத்த கோலத்தில் ரொசாலியாவின் பளிங்குச் சிலை. அதன் மேல், நேப்பிள்ஸையும் சிசிலியையும் ஆண்ட போர்பன் குலத்து அரசர் கொடுத்த பொன்னாடை. சுற்றிலும் வெள்ளியில் அடித்த கை, கால், இதயம், கண் எனக் காணிக்கைத் தகடுகள். சமயபுரத்து உண்டியலில் விழுவது போலவே.

இந்த இடத்தில்தான் தமிழர்கள் வருகிறார்கள். 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து புறப்பட்ட தமிழர்களில் ஒரு பகுதியினர் எண்பதுகளின் நடுவிலிருந்து பலெர்மோவில் குடியேறினார்கள். வீட்டு வேலை, முதியோர் பராமரிப்பு, கடை, சமையலறை என்று வாழ்க்கையை அமைத்துக்கொண்டார்கள். இத்தாலியில் தமிழர் அதிகமாக வாழும் நகரங்களில் ஒன்று இது. ரொசாலியாவின் மலைக்குக் கத்தோலிக்கத் தமிழர்கள் போவது இயல்பு. சைவத் தமிழர்களும் அதே பக்தியோடு போகிறார்கள் என்பதுதான் பலெர்மோவின் ஆய்வாளர்களையும் பத்திரிகைக்காரர்களையும் வியக்கவைத்தது. விழா நாளில் மட்டுமல்ல, சாதாரண ஞாயிற்றுக்கிழமைகளிலும் புடவையும் நெற்றிப்பொட்டுமாகக் குடும்பங்கள் அந்தக் குகைக்கு வந்துபோகின்றன.

இதை 'ஒருங்கிணைப்பின் அழகிய உதாரணம்' என்று இத்தாலியப் பத்திரிகைகள் எழுதும். வந்தேறிகள் உள்ளூர் வழக்கத்தை ஏற்றுக்கொண்டார்களாம். யாழ்ப்பாணத்தையோ வன்னியையோ கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். மன்னார் காட்டுக்குள் இருக்கும் மடு மாதா கோயிலுக்குச் சைவர்களும் காலங்காலமாகப் போகிறார்கள். பாம்புக்கடிக்கு மடு மண் மருந்து என்ற நம்பிக்கைக்கு மதம் கிடையாது. போர்க்காலத்தில் அந்த வளாகமே அகதிகளுக்கு அடைக்கலம் கொடுத்தது. அப்படி வளர்ந்தவர்களுக்கு மலை, குகை, கசியும் தீர்த்தம், கொள்ளைநோயை விரட்டிய கன்னி என்றால் அறிமுகம் தேவையா? அம்மை கண்டால் அம்மனை வேண்டிக்கொண்ட தலைமுறையின் பிள்ளைகள் அவர்கள். புதிதாக எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை. தெரிந்த ஒன்றை வேறொரு ஊரில் அடையாளம் கண்டுகொண்டார்கள். பலெர்மோக்காரர்களுக்கும் அதில் வித்தியாசமாக எதுவும் படவில்லை என்பதுதான் முக்கியம். 'சாந்துஸ்ஸா', நம்ம சின்னப் புனிதை, என்று அவர்கள் ரொசாலியாவை உரிமையோடு அழைக்கும் தொனியில் இறையியலைவிட உறவுமுறைதான் அதிகம். அவளிடம் கேட்க வந்தவர் யார் வீட்டுப் பிள்ளை என்று குகை வாசலில் யாரும் விசாரிப்பதில்லை.

மலைக்கு வெளியே எல்லாம் இவ்வளவு சுமுகம் என்று சொல்ல முடியாது. ஒரே குகையில் பக்கத்துப் பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றும் இரண்டு பெண்களில் ஒருத்தி முதலாளியாகவும் மற்றவள் அவள் வீட்டில் வேலைக்கு வருபவளாகவும் இருக்கக்கூடும். கீழே இறங்கியதும் அந்த உறவு அப்படியேதான் இருக்கும்.

ஜூலை 15க்கு ஊர் முழுக்க விடுமுறை. செப்டம்பர் 4க்குக் கிடையாது. இரவெல்லாம் ஏறியவர்கள் விடியற்காலைப் பூசை முடிந்ததும் இறங்க வேண்டும். கீழே துறைமுகத்தில் நேப்பிள்ஸ் கப்பல் வெளிச்சத்தோடு உள்ளே வந்துகொண்டிருக்கும். பாதை முடியும் இடத்தில் வறுத்த கடலை விற்பவர் தாள் பொட்டலம் சுற்றிக்கொண்டிருப்பார். செருப்பைக் கையில் பிடித்தபடி வந்த பெண்கள் அங்கே உட்கார்ந்து பாதத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டுகிறார்கள், ஒரு பொட்டலம் வாங்குகிறார்கள், தீர்த்தப் புட்டியின் மூடியை இன்னொரு முறை இறுக்கிவிட்டு வேலைக்குப் பஸ் ஏறுகிறார்கள்.